மேடில்லாத ஊரில் பதினாலாம் கேள்வி

கருத்தரங்கில் பேசியதையெல்லாம் தொகுத்த அந்தப் புத்தகம் போன மாதம் எங்கள் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. வழுவழுப்பான தாள், கெட்டி அட்டை, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், எங்கள் ஆபீசில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவரின் படம். மைக் முன்னால் நிற்கிறார், வாய் பாதி திறந்திருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் 'தன் அனுபவத்தைப் பகிரும் உள்ளூர்ப் பெண்' என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் அதே நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்பதாயிரம் வீடுகளின் கதவைத் தட்டியவர், உள்ளூர்ப் பெண்ணாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்து என் தொழில் இல்லை. ஃபாரத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் கணினியில் அடிப்பதுதான் என் தொழில். அக்கா என்னை 'டப்டப்பு' என்று கூப்பிடுவார்.

எங்கள் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் கடல் தாண்டி வந்து நம்மை ஆண்டவர்கள். காய்ச்சல் வந்து எத்தனை கூலிகள் வேலைக்கு மட்டம் போடுகிறார்கள் என்று கணக்கெடுக்க ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். போகும்போது கட்டடம், தேக்கு மேஜை, அலமாரி, ஃபாரம் நிரப்புகிற பழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். நாம் வாசல் பலகையை நம் மொழியில் மாற்றி எழுதிக்கொண்டோம். சுதந்திரம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே கேள்விகள் இன்றைக்கும் அங்கிருந்துதான் வருகின்றன.

வருகிற விதத்தைச் சொல்ல வேண்டும். கேள்வி ஆங்கிலத்தில் வரும். ஒருவர் நம் மொழிக்கு மாற்றுவார். அதைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றுவார். இரண்டு ஆங்கிலமும் ஒன்றாக இருந்தால் அங்கிருந்து சரி என்று பதில் வரும், அச்சடிப்போம். நம் ஆட்களுக்குப் புரிகிறதா என்பதை யாரும் சோதிப்பதில்லை. அவர்களுக்குத் திரும்பப் புரிகிறதா என்பதுதான் சோதனை.

களத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டே சட்டம். அச்சில் உள்ளதை உள்ளபடி படிக்க வேண்டும், சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது. அப்படியும் ஏதாவது கூடுதலாகக் கேட்டுத் தொலைத்தால், அதை ஃபாரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஃபாரத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் ஊழியர்கள் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. அக்காவுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே ஊறியிருந்தது.

அக்கா பிறந்தது ஆலைத் தெருவில். வெள்ளைக்கல்லை உடைத்து மாவாக அரைக்கும் ஆலை அது. அந்த மாவு பெயிண்டுக்கும் பல்பொடிக்கும் போகிறது. தெருவில் கூரை, ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துணி, ஆண்களின் புருவம் எல்லாம் ஒரே நிறம். அப்பா அந்த ஆலையில் அரைத்தே செத்துப்போனார். அப்போது அக்கா பத்தாவது படித்துக்கொண்டிருந்தார், தம்பிக்கு ஆறு வயது. அம்மா ஆலையிலேயே மூட்டை தைத்தார். அக்கா படித்து முடித்தார், அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எங்கள் நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, ஆலைக்குப் போய்விட்டான்.

களப்பணியாளர் ஆய்வு அலுவலர் ஆக வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். அக்கா மூன்று முறை எழுதினார். மற்ற எல்லாத் தாளிலும் மூன்று முறையும் அவர்தான் முதலிடம். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் மூன்று முறையும் அவுட். அவருக்குப் பின்னால் வந்த, ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டியறியாத பிள்ளைகள் எல்லாம் அலுவலராகி அவருக்கே வேலை சொன்னார்கள். "எனக்கு வராதது இங்கிலீஷ்தான் டப்டப்பு, யோசிக்கறது இல்ல," என்று ஒருநாள் சொன்னார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடுகிறபோது மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு முறை தட்டினார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயதிருக்கும்போது ஆலைத் தூசி பற்றிய ஆய்வு வந்தது. தொழிலாளர் சங்கம் ரொம்ப நாளாகத் தூசி உறிஞ்சும் மெஷின் கேட்டுக்கொண்டிருந்தது. தூசியால் மூச்சுக்குக் கெடுதல் என்று யாராவது நிரூபித்தால் மெஷின் வைக்க உத்தரவு போடுகிறோம் என்று தொழிலாளர் அலுவலகம் சொல்லியிருந்தது. நிரூபிக்கிற வேலை எங்களுக்கு. பணமும் கேள்விகளும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து.

பயிற்சி நாளில் டைரக்டர் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். பதினாலாவது கேள்வி: 'சிறிய மேட்டில் ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2.' இந்த ஆய்வின் உயிரே அந்தக் கேள்விதான். அக்கா கையைத் தூக்கினார்.

"சார், நம்ம ஊர்ல மேடே இல்லையே."

எல்லோரும் சிரித்தோம். உண்மைதான். எங்கள் ஊர் பலகை மாதிரித் தட்டை. மழை பெய்தால் தண்ணீருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும்.

"இருக்கிற மாதிரி நினைச்சுக்கச் சொல்லும்மா," என்றார் டைரக்டர்.

"சோறு இருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டா வயிறு ரொம்புமா சார்?"

டைரக்டர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். "இது இருபத்திரண்டு நாட்டுல சோதிச்சுப் பார்த்த கேள்வி. ஒரு வார்த்தையை மாத்தினாலும் நம்ம நம்பரை அவங்க நம்பரோட ஒப்பிட முடியாமப் போயிடும்."

"அந்த இருபத்திரண்டுல நாம இருக்கோமா சார்?"

"இல்ல. இனிமேதான் இருபத்திமூணாவதா சேரப்போறோம்."

ஆலைத் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் அக்காவின் பங்குக்கு வந்தன. தெரிந்த முகம் என்றால் கதவு திறக்கும் என்று கணக்கு. முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள். முதல் நாள் போய்விட்டு வந்து என் மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"எல்லாம் ரெண்டு டப்டப்பு. எல்லாரும் 'இல்லை'ங்கறாங்க. மேட்டுல ஏறும்போது மூச்சு வாங்குதாண்ணேன்னு கேக்கறேன். எந்த மேடுங்கறாரு. ஏதாவது மேடுண்ணேங்கறேன். நான் எதுக்கும்மா மேட்டுல ஏறப் போறேங்கறாரு. ரெண்டுல வட்டம் போட்டேன். அவர் சம்சாரம் பின்னாடி நின்னு, படுக்க முடியாம இந்த மனுஷன் உக்காந்துக்கிட்டேதான் தூங்கறாருங்குது. அதை எங்க எழுதறது? கட்டம் இல்ல."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் ஏதோ சொன்னேன். அவர் அதைக் கேட்கவே இல்லை, யோசனையில் இருந்தார்.

மறுநாள் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து ஃபாரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தத் தெருவில் வீடுகளுக்குள் தண்ணீர் வராது, தெருமுனைக் குழாயில்தான் பிடித்து வர வேண்டும். தம்பி இரண்டு கையிலும் இரண்டு கேனோடு வந்தான். பாதி வழியில் இறக்கி வைத்தான். பிறகு தூக்கினான், கொஞ்ச தூரம் வந்தான், மறுபடி இறக்கினான். ஒரு காலத்தில் அவன் இதே கேன்களோடு அக்காவிடம் வம்பு பேசிக்கொண்டே ஓட்டமாக வருவானாம். என்னடா என்று கேட்டதற்கு, "கை மாத்தறேன்க்கா," என்றான். இரண்டு கையிலும் இரண்டு கேன். எந்தக் கையை எந்தக் கைக்கு மாற்றுவது? பின்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரரும் இறக்கி வைத்தார். அவரும் கைதான் மாற்றினார்.

அக்கா அன்றே தன் கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டார். பதினாலாவது கேள்வியை அச்சில் உள்ளபடி படித்து, இரண்டில் வட்டம் போட்டபின், கூடுதலாக இதைக் கேட்டார்: "குழாயிலேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தனை தடவை கேனை இறக்கி வைக்கிறீங்க?"

இதற்கு மட்டும் யாரும் எந்த மேடு என்று கேட்கவில்லை. டக் டக்கென்று பதில் வந்தது. "போன வருஷம் ஒண்ணு, இப்ப மூணு." "எம்மவன் ஒண்ணு, நான் அஞ்சு." சிலர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, அவள் தலையாட்டிய பிறகு சொன்னார்கள். அக்கா குழாயிலிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் நடந்து காலடியை எண்ணினார். ஆலையில் எந்தப் பகுதி, எத்தனை வருடம் என்பது ஃபாரத்திலேயே இருந்தது. இறக்கி வைத்த எண்ணிக்கையையும் காலடியையும் இடது ஓரத்தில், துளை போட விட்டிருக்கும் வெற்றிடத்தில், பென்சிலால் எழுதினார். எழுதிவிட்டு, சட்டப்படி, 'கூடுதலாகக் கேட்டேன்' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தார். முன்னூற்றுப் பன்னிரண்டிலும் வைத்தார்.

வேறு எந்த ஊரிலும் எந்த மனுஷியும் இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வீட்டில் வைத்திருந்தால் போதும். ஆனால் ஃபாரத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று நம்பியவர் அவர். இது நடந்தது என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் ஃபாரத்தில்தானே எழுத வேண்டும்?

ஒருநாள் மத்தியானம் மேஜைமேல் விரலால் கோடு போட்டு எனக்கு விளக்கினார். அரவை ரூமில் ஐந்து வருடம் இருந்தவர்கள் எல்லோரும் குறைந்தது ஒரு தடவை இறக்குகிறார்கள். பத்தைத் தாண்டினால் மூன்றுக்குக் குறையவில்லை. மூட்டை தைப்பவர்கள் ஒன்று, ஆபீஸ் வேலைக்காரர்கள் பூஜ்ஜியம். மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இருபது வருடமாக எண் அடிக்கிறவன், ஒரு எண் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முகத்தில் அன்றிருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"இது எண்ணி வெளிய வந்தா மெஷின் வந்துடும் டப்டப்பு. தம்பியை நாலு வருஷம் முன்னாடியே வெளிய இழுத்திருக்கணும். பரவால்ல, இன்னும் நேரம் இருக்கு."

ஃபாரங்கள் என் கைக்கு வந்தன. கணினியில் ஓரத்து எண்ணுக்கு இடம் இல்லை. பேசாமல் இரண்டு, இரண்டு என்று அடித்துவிட்டுப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குத்தான் உபகாரம் செய்ய ஆசை வந்தது. ஒரு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு புள்ளிவிவர அதிகாரியிடம் போனேன்.

"சார், கம்ப்யூட்டர்ல இதுக்குத் தனியா ஒரு கட்டம் சேத்துடலாமா? அருமையான தகவல் சார்."

அவர் வாங்கிப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். "இந்த மாதிரி எத்தனை இருக்கு?" என்றார். நான் பெருமையாக, "முன்னூத்திப் பன்னண்டு சார்," என்றேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அன்று சாயங்காலமே கட்டு முழுவதும் என் மேஜையிலிருந்து போய்விட்டது. வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் போனது, இரண்டு நாளில் பதில் வந்தது. கூடுதல் கேள்வி கேட்டதால் மற்ற பதில்களும் கெட்டிருக்கலாம், அந்த ஃபாரங்களை முழுவதுமாக விலக்கிவிடவும். அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். ஓரத்தை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டைரக்டரிடம் கெஞ்சியிருக்கிறார். முடியாது என்றுவிட்டார்கள். எப்படிப் பிடிபட்டது என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மிஞ்சியவை ஆலையிலிருந்து தள்ளியிருந்த தெருக்களின் ஃபாரங்கள். அங்கே அரவை ரூம் ஆட்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அறிக்கை வந்தது. 'தூசியால் மூச்சுக்குப் பாதிப்பு என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை' என்று முடித்திருந்தார்கள். அது ஆலை மேனேஜர் கைக்குப் போனபோது 'பாதிப்பு இல்லை' ஆகிவிட்டது. தொழிலாளர் அலுவலகம் அதை வைத்து மெஷின் கோரிக்கையை மூடிவிட்டது.

"உங்க ஆபீஸ்தான் எங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காம்லக்கா," என்று தம்பி அக்காவிடம் சொன்னானாம். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஏதோ தகவல் சொல்வது போலச் சொன்னான் என்று அக்கா சொன்னார்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் அக்காவைக் கண்டால் 'கேள்விக்காரி வர்றா' என்று கதவைச் சாத்தினார்கள். தன் பங்கு வேறு தெருவுக்கு மாற்றப்பட்டும் தம்பியைப் பார்க்க அவர் போகத்தானே வேண்டும். சாத்திய கதவுகளுக்கு நடுவில் நடந்து போய், தம்பி வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவார். அறிக்கை வந்த நான்காம் வருடம் தம்பி போய்விட்டான். நாற்பத்தொரு வயது. சான்றிதழில் இதயம் நின்றதால் மரணம் என்று எழுதியிருந்தது. இதயம் நிற்காமல் யாராவது செத்திருக்கிறார்களா என்ன?

அக்கா லீவு முடிந்து வேலைக்கு வந்தார். ஏழு வருடம் மற்றவர்களின் கேள்விகளை அச்சில் உள்ளபடி படித்தார். ஓரத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அக்கா ஓய்வு பெறும் வருடத்தில் புது டைரக்டர் வந்தார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பெண், சின்ன வயது, நல்ல மனசு. வந்த வேகத்தில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றை ஏற்பாடு செய்தார். ஆண்டவர்கள் விட்டுப்போன அறிவுமுறையிலிருந்து நம் கல்வியையும் ஆராய்ச்சியையும் விடுவிப்பது எப்படி என்பது பொருள். நிகழ்ச்சி நிரலை நான்தான் அடித்தேன், முழுக்க ஆங்கிலத்தில். பணம் அதே பல்கலைக்கழகத்துடையது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே, அக்காவின் கேள்வியைப் பற்றிப் புது டைரக்டரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் களப்பணியாளர் அறைக்கே வந்து, அக்கா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த அறிவைத்தாம்மா நாங்க தேடிக்கிட்டிருக்கோம். நீங்க வந்து பேசணும்."

"பேசறேம்மா. ஆனா அந்த முன்னூத்திப் பன்னண்டு ஃபாரத்தையும் எடுத்து எண்ணணும். எண்ணிட்டு, அன்னைக்கு எழுதினது தப்புன்னு எழுதணும். அந்தத் தெருவுல இன்னும் ஆளுங்க அரைச்சுக்கிட்டுதான் இருக்காங்க."

"கண்டிப்பா பண்ணிடலாம்மா," என்றார் டைரக்டர். அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார்.

அக்காவுக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அரங்கின் பின்பக்கம் கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர், எல்லோர் காதிலும் கருவி. அது முதல் இரண்டு நிமிடம் வேலை செய்யவில்லை, அக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு பேசினார். மேடு கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள், கேன் கதைக்கு எழுதிக்கொண்டார்கள். முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விருந்தினராக வந்த பேராசிரியர் ஒருவர், அந்த ஆதிக்கத்தை எதிர்த்து நின்றபோது எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டார்.

"நான் யாரையும் எதிர்க்கலீங்க," என்றார் அக்கா. "கணக்கு சரியா வரணும்னு பாத்தேன். ஃபாரத்தை எப்ப எண்ணப் போறீங்க?"

கூண்டிலிருந்து அது ஆங்கிலமாகிப் போகிற வரை அரங்கம் காத்திருந்தது. நடத்துபவர் கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளை என்றார். படியிறங்கிய அக்காவிடம் ஒரு பெண் காகிதம் நீட்டினாள். பேசியதைப் பதிப்பிக்க ஒப்புதல், ஆங்கிலத்தில். அக்கா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை டைரக்டர் சொன்னபடி ஃபாரங்களை எடுக்க நான் ஆவண அறைக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் பதிவேட்டைப் புரட்டினார், ஒரு வரியில் விரலை வைத்தார். விலக்கப்பட்ட ஃபாரங்கள், கட்டு நான்கு, எண்ணிக்கை 312, ஐந்தாண்டு முடிந்ததால் அழிக்கப்பட்டன. பதில் சொன்னவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகப் பல்கலைக்கழகம் போட்ட விதியாம். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று ஸ்டோர்கீப்பருடையது. சாட்சி என்ற இடத்தில் இருந்தது என்னுடையது.

கையெழுத்துப் போட்ட நாள் ஞாபகம் வந்தது. ஸ்டோர்கீப்பர் இருபது முப்பது பட்டியலை ஒன்றாக நீட்டி, "டீ ஆறுதுப்பா, சீக்கிரம் போடு," என்றார். நான் நின்றபடியே வரிசையாகப் போட்டேன். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். படிக்கவில்லை.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தை மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை. பதினோரு வருடம் முன்னால் புள்ளிவிவர அதிகாரியிடம் தனிக் கட்டம் சேர்க்கக் கேட்டதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"நீ நல்லதுக்குத்தான் கேட்டிருக்கே. அதுதான் வயித்தெரிச்சல்," என்றார். "கெட்டவனா இருந்திருந்தா ரெண்டு வார்த்தை திட்டியாவது இருப்பேன்."

டைரக்டர் நிஜமாகவே கலங்கிப்போனார். "உங்க ஞாபகத்துல இருக்கிறதைச் சொல்லுங்கம்மா, பதிவு பண்ணிக்கலாம். வாய்மொழியையும் இப்ப நாங்க அறிவாத்தான் மதிக்கிறோம்," என்றார்.

"அதை வச்சு அந்த அறிக்கையை மாத்துவீங்களா?"

"ஞாபகத்தை வச்சு அறிக்கையை மாத்த முடியாதும்மா. அதுக்குத் தரவு வேணும்."

"அப்ப அந்த அறிவு யாருக்கும்மா?" என்று அக்கா கேட்டார்.

ஒரு வாரம் கழித்து வேலை முடிகிற நேரத்தில் அக்கா என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுது," என்றார். "குழாய்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."

"இதை யாருக்கா படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க. எழுது."

கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்தார். நீலக் கதவு, அரவை ரூம், பதினோரு வருடம், இருபத்திரண்டு காலடி, மூன்று. ஆள் இல்லை, போயாச்சு. பக்கத்து வீடு, மூட்டை, எட்டு வருடம், ஒன்று. உயிரோடு இருக்கிறாள். எதிர்வரிசை, அரவை, பதினைந்து, ஐந்து. போயாச்சு. நான் அடித்துக்கொண்டே வந்தேன். சில வாசல்களில் நின்று யோசிப்பார், நிச்சயமாகத் தெரியாவிட்டால் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டுவார். சுமாராகச் சொல்லுங்களேன் என்றதற்கு, "சுமாராச் சொல்றதுக்கு நான் என்ன ஆபீசரா?" என்றார். நான்கு சாயங்காலங்களில் தொண்ணூற்றேழு வீடுகள் சேர்ந்தன. அவற்றில் முப்பத்தெட்டு பேர் போயாச்சு.

நான்காம் நாள் தம்பி வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அரவை ரூம். பதினேழு வருஷம். நூத்தி நாப்பது காலடி," என்றார். அதோடு நின்றுவிட்டது. நான் விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நான் உக்காந்து பாத்தது ஒரு நாளு. ஃபாரத்துல போட்டது அவன் சொன்னதை. பாத்தது வேற, சொன்னது வேற. அதுக்கப்புறம் நாலு வருஷம் பாத்துக்கிட்டே இருந்துட்டேன், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துடுச்சு." கண்ணைத் திறந்தார். "நாலா, அஞ்சா? எல்லா ஃபாரமும் உன் கையிலதானே இருந்துச்சு டப்டப்பு. நீ பாத்தியே."

பார்த்தேன். ஆனால் எங்கள் ஃபாரத்தில் பெயர் கிடையாது, வீட்டு எண்தான். எது அவருடைய தம்பியின் ஃபாரம் என்று தெரியாமலே பார்த்தேன்.

"நாலுன்னு போடவாக்கா?"

"ஏன் நாலு?"

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். அக்கா அழுதார். தம்பி செத்தபோதுகூட ஆபீசில் அழாதவர், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு என் முன்னால் அழுதார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலியா விடு. தெரியாததை எழுதக் கூடாது," என்றார். "அடுத்த வீடு."

நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்த வரிக்குப் போனேன்.